படிச்சிட்டு ஆடு மேய்க்கப் போனவர்

படிக்கலைன்னா ஆடு மாடு மேய்க்கத்தான் போகணும் என்று வீட்டில் திட்டு வாங்காத ஆள் நம்ம காலேஜில் யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க. மத்தவங்க எல்லாரும் தொடர்ந்து படிங்க. இது நல்லாப் படிச்சு, டிகிரியும் வாங்கிட்டு, அதுக்கு அப்புறம் ஆடு மேய்க்கப் போன ஒருத்தருடைய கதை.

பெயர் சாமுவேல் பட்லர். படித்தது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ். மேய்த்தது நியூசிலாந்தில். அந்தப் பண்ணை வாழ்க்கைக்கு நடுவில், 1863-ல், இருபத்தேழு வயதில் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மெஷின்கள் ஒருநாள் நம்மை மிஞ்சிவிடுமா, அப்போ நம்ம நிலைமை என்ன என்பதுதான் அதன் கேள்வி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் பிளேஸ்மென்ட் சீசன் ராத்திரிகளில் நீங்களும் நானும் பேசிக்கிற அதே கேள்வி. கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, அந்த நாட்டில் அப்போது பயணிகள் ரயில்கூடக் கிடையாது. அப்படி ஒரு இடத்தில் இருந்த மனுஷனுக்கு இந்த யோசனை எப்படி வந்தது? அதைத் தேடிப் போனால் அவருடைய டைரிக்கும் கடிதங்களுக்கும்தான் போய்ச் சேருவோம்.

முதலில் குடும்பம். பட்லர் பிறந்தது 1835 டிசம்பர் 4, நாட்டிங்ஹாம்ஷயரில் லாங்கர் என்ற கிராமம். அப்பா தாமஸ் பட்லர் அந்த ஊர்ப் பாதிரியார். தாத்தா பெயரும் சாமுவேல் பட்லர்தான். ஷ்ரூஸ்பரி என்ற பேர்போன பள்ளியின் தலைமை ஆசிரியர், பிறகு பிஷப். ஆக, பேரனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது அவர் பிறக்கும் முன்பே முடிவான விஷயம். டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளை வக்கீல். நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை.

பட்லரும் முதலில் முரண்டு பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. கிரேக்கமும் லத்தீனும் படித்து 1858-ல் முதல் வகுப்பில் தேறினார். அதே வருஷம் அந்தக் கல்லூரியில் ஈகிள் என்று ஒரு மாணவர் இதழ் தொடங்கியது. முதல் இதழிலேயே செல்லேரியஸ் என்ற புனைபெயரில் பட்லர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தப் புனைபெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அப்புறம் பயிற்சிக்காக லண்டனில் ஒரு ஏழைப் பகுதிக்குப் போனார். அங்கே பையன்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை. எடுக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தப் பையன்களில் சிலருக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது, சிலருக்கு நடக்கவில்லை. ஆனால் குணத்திலோ நடத்தையிலோ இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்போ அந்தச் சடங்கு என்னதான் செய்கிறது? நம்ம பாஷையில் சொன்னால் கன்ட்ரோல் குரூப் வெச்சுப் பார்த்துட்டார். ரிசல்ட் வரலை. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் பாதிரியார் ஆவது?

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கடிதச் சண்டை ஆரம்பித்தது. பட்லருக்கு ஓவியம் படிக்க ஆசை. அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. மாசக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஒரு சமரசம்: பிள்ளை வெளிநாட்டில் குடியேறட்டும், முதலுக்குப் பணம் அப்பா தருவார். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 பவுண்டு. அந்தக் காலத்தில் பெரிய தொகை. ஒருத்தரை ஒருத்தர் சகிக்க முடியாத அப்பாவும் பிள்ளையும் பூமியின் இரண்டு முனைகளில் இருந்தால் நல்லது என்று இருவருமே நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

முதலில் டிக்கெட் எடுத்தது பர்மா என்ற கப்பலில். பணமும் கட்டியாகிவிட்டது. அந்தக் கப்பலில் கால்நடைகளை ஏற்றுவதற்காகப் பயணிகளுக்கான இடத்தைக் குறைத்தார்கள். வசதி போதாது என்று பட்லர் கப்பலை மாற்றிக்கொண்டார். பர்மா போய்ச் சேரவே இல்லை. கடலில் காணாமல் போனது, ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அவர் ஏறிய கப்பல் ரோமன் எம்பரர். 1859 செப்டம்பர் கடைசியில் கிளம்பியது. கப்பலில் முதல் ராத்திரி, சின்ன வயதிலிருந்து ஒருநாள் விடாமல் சொல்லிவந்த இரவு ஜெபத்தை அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லவே இல்லை. யாருடனும் சண்டை இல்லை, அறிவிப்பு இல்லை. சும்மா படுத்துத் தூங்கிவிட்டார். அப்பாவுக்கு எழுதிய அத்தனை கடிதங்களை விடவும் இது பெரிய முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

பயணம் ஏறக்குறைய நாலு மாசம். கப்பலில் பாட்டுக்குழு நடத்தினார். கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வரலாற்றைப் படித்தார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, 1859 நவம்பர் 24 அன்று, லண்டனில் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வெளியானது. இவருக்குத் தெரிய வழியே இல்லை. 1860 ஜனவரி 27 அன்று நியூசிலாந்தின் தென் தீவில் லிட்டெல்டன் துறைமுகத்தில் இறங்கினார்.

இப்போ டைரி பக்கம் வருவோம். அவர் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் ஈகிள் இதழுக்கு அனுப்பிய கட்டுரைகளின் பகுதிகளையும் சேர்த்து 1863-ல் லண்டனில் ஒரு புத்தகம் வந்தது. பெயர், கான்டர்பரி குடியேற்றத்தில் முதல் ஆண்டு. (பண்ணை வேலைக்கு நடுவிலும் கல்லூரி இதழுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். நம்ம இதழுக்கு ஒரு பக்கம் கேட்டால் டெட்லைன் முடிந்து ரெண்டு வாரம் கழித்துத் தருபவர்கள் கவனிக்கவும்.) அந்தக் கையெழுத்துப் பிரதிக்கே ஒரு தனிக் கதை உண்டு. திருத்துவதற்காக நியூசிலாந்துக்கு அனுப்பி, அவர் திருத்தித் திருப்பி அனுப்ப, அது வந்த கப்பல் 1862-ல் நம்ம பக்கம், லட்சத்தீவின் மினிக்காய் அருகே, மூழ்கியது. கப்பலின் பெயர் கொலம்போ. இந்தியப் பெருங்கடலிலிருந்து மூட்டையை மீட்டு எடுத்தபோது மை கழுவிப் போய், பாதி எழுத்துகளைப் படிப்பதே சிரமமாக இருந்ததாம். பேக்கப் எடுக்காத அசைன்மென்ட் மாதிரிதான். ஆனாலும் எப்படியோ அச்சாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தில் கவிதை மாதிரி ஏதாவது இருக்கும் என்று போனால் ஏமாந்து போவீர்கள். ஆடு என்ன விலை, ஆளுக்கு என்ன கூலி, நிலக் குத்தகை எப்படி, மந்தை எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும், சொறி நோய் வந்தால் என்ன நஷ்டம். கையில் இருக்கும் பணத்தை என்னென்ன வழியில் போடலாம், ஆடு வாங்கி அடுத்தவர் மேய்ச்சலில் விடுவதா, சொந்தமாக மேய்ச்சல் நிலம் எடுப்பதா என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். கிரேக்கக் கவிதை படித்த கையால் இன்றைய எக்ஸெல் ஷீட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான். தெரியாத தொழிலில் இறங்கும் ஒருத்தர் எதையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல், பார்க்கிறவங்களிடம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைக்கிறார்.

சமவெளியில் நல்ல மேய்ச்சல் நிலம் எல்லாம் ஏற்கெனவே மத்தவங்க கையில். லேட்டா வந்தவருக்கு மலைதான் மிச்சம். குதிரையில் ஏறி, ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாக யாரும் எடுக்காத நிலம் தேடி அலைந்தார். கடைசியில் ரங்கிடாடா ஆற்றின் மேல்பகுதியில், பனிமலைகளின் காலடியில் இடம் கிடைத்தது. ஆறுகளுக்கு நடுவில் இருந்ததால் அதற்கு மெசபடோமியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் என்று பொருள். கேம்பிரிட்ஜ் படிப்பு உடனே பயன்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

யாரும் எடுக்காத நிலம் என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். தென் தீவின் பெரும்பகுதியை ஆங்கில அரசு 1848-ல் நைடாஹு மக்களிடமிருந்து வெறும் 2,000 பவுண்டுக்கு எழுதி வாங்கியது. அவர்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்ன நிலத்தையும் ஒழுங்காக ஒதுக்கவில்லை. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடி, 1998-ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. பட்லரின் ஆட்டுக்கணக்கு முழுவதும் அந்த 2,000 பவுண்டு ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. அவர் புத்தகத்தில் மாவோரி மக்கள் வருகிற இடம் ரொம்பக் குறைவு. எல்லாத்தையும் கேள்வி கேட்ட மனுஷன் இதை மட்டும் கேட்காமல் விட்டது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

வேலை எப்படி இருந்தது? முதலில் போட்ட குடிசை தலைகீழாகக் கவிழ்த்த வி எழுத்து மாதிரி. சுவர் கிடையாது, கூரையைத் தூக்கி நேரடியாகத் தரையில் வைத்த மாதிரி இருக்கும். குளிர்காலம், வெளியே பனி, உள்ளே ஈரம். சாமான்கள் எல்லாம் மாட்டு வண்டியில் வரவேண்டும். வழியில் பாலமே இல்லாத ஆறுகள். அந்த ஊர் ஆறுகள் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. கூழாங்கல் பரப்பில் பத்துப் பதினைந்து கிளையாகப் பிரிந்து சடை பின்னிய மாதிரி ஓடும். நேற்று கடந்த இடத்தில் இன்று ஆளை இழுக்கும். மலையில் பனி உருகினால் வெயில் நாளில்கூட வெள்ளம் வரும். குடியேறியவர்கள் இவ்வளவு பேர் ஆற்றில் செத்ததால், நீரில் மூழ்கிச் சாவதற்கு நியூசிலாந்துச் சாவு என்றே பெயர் வந்துவிட்டது. டூட்டு என்று ஒரு செடி வேறு. வெறும் வயிற்றில் அதை மேய்ந்த மாடும் ஆடும் செத்துவிழும். இதையெல்லாம் பட்லர் புலம்பல் இல்லாமல், ஒரு லேப் ரெக்கார்டு மாதிரி எழுதிக்கொண்டே போகிறார்.

ஒரே ஒரு இடத்தில் தன்னையே பார்த்துத் திடுக்கிடுகிறார். இவ்வளவு பெரிய மலைகளைப் பார்க்கும்போதும் இங்கே ஆட்டுக்குப் புல் இருக்குமா என்றுதான் தன் மனசு முதலில் கேட்கிறது என்று கவனிக்கிறார். புல் இல்லாத மலை அழகான மலையே இல்லை என்று ஆகிவிட்டது. சுற்றியிருக்கிறவர்களின் பேச்சும் அப்படித்தான், ஆடு, குதிரை, நாய், வேலி, மறுபடியும் ஆடு. அங்கே போய் பாக் இசையைப் பற்றியோ புது ஓவியங்களைப் பற்றியோ வாயைத் திறப்பது நல்லதில்லை என்று கொஞ்சம் சிரிப்போடு எழுதியிருக்கிறார். சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்த சீனியர் ஒருத்தர், ஆறு மாசமா டிக்கெட் குளோஸ் பண்றதைத் தவிர வேறெதுவும் தலையில் ஓடலைன்னு போன வாரம் போனில் சொன்னார். எனக்கு உடனே பட்லரின் மலைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் பட்லர் அதைக் கவனித்ததோடு நிறுத்தவில்லை. மண்சுவர் வைத்துக் கொஞ்சம் நல்ல வீடு கட்டியதும், அந்தக் காட்டுக்கு ஒரு பியானோ கொண்டுவந்தார். பாலமில்லாத ஆறுகள், மாட்டு வண்டி, அதன் மேல் பியானோ. கற்பனை பண்ணிக்கோங்க. பகல் முழுக்க ஆடு, ராத்திரி ஹேண்டல், பாக். புதிய ஏற்பாட்டின் நான்கு சுவிசேஷங்களில் இயேசு உயிர்த்தெழுந்த நிகழ்ச்சி எப்படி எப்படி மாறுபட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். இந்த ஆராய்ச்சியை ஊருக்குத் திரும்பியபின் 1865-ல் பெயர் போடாமல் அச்சிட்டார். ஜான் பேக்கர் என்ற நண்பரோடு மலைகளைத் தாண்டி மேற்குப் பக்கம் போக வழி தேடினார். அப்போது அவர்கள் பார்த்த கணவாய்க்குப் பிறகு விட்கோம்ப் என்ற சர்வேயரின் பெயர் வந்தது. 1863-ல் அதைக் கடந்து போன விட்கோம்ப், அதே பயணத்தில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

அப்படி ஒரு காலத்தில்தான் டார்வினின் புத்தகம் அவர் கைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டார்வின் படித்தது பட்லருடைய தாத்தா தலைமை ஆசிரியராக இருந்த அதே ஷ்ரூஸ்பரி பள்ளியில். பட்லருடைய அப்பாவும் டார்வினும் கேம்பிரிட்ஜில் ஒன்றாக இருந்தவர்கள், சேர்ந்து வண்டு பிடித்தவர்கள். வீட்டில் தெரிந்த மனுஷருடைய புத்தகத்தைப் படிக்க பட்லர் பூமியின் மறுபக்கம் வரவேண்டியிருந்தது.

புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. நீங்களே யோசிச்சுப் பாருங்க. நல்ல கிடாவைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வது அவருக்குத் தினசரி வேலை. எந்த ஆடு தாங்கும், எது சாகும், எதற்கு நல்ல கம்பளி என்று கண்ணால் பார்க்கிறவர். கேம்பிரிட்ஜ் அறையில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அது ஒரு கொள்கை. இவருக்குப் பட்டியில் நிற்கிற ஆடு. 1862 டிசம்பர் 20 அன்று, கிறைஸ்ட்சர்ச் நகரின் தி பிரஸ் பத்திரிகையில், டார்வினின் கொள்கையை விளக்கி இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். பெயர் போடவில்லை. அது எப்படியோ டார்வின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் அதன் தெளிவைப் பாராட்டி, இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பி வைத்தார்.

ஆறு மாசம் கழித்து, 1863 ஜூன் 13, அதே பத்திரிகையில் இன்னொரு கட்டுரை. தலைப்பு, மெஷின்களுக்கு நடுவில் டார்வின். கையெழுத்து, செல்லேரியஸ். காலேஜ் மேகசினில் வைத்துக்கொண்ட அதே புனைபெயர்!

அதில் அவர் சொல்வது இதுதான். நெம்புகோல், ஆப்பு, கப்பி இதெல்லாம் மெஷின் உலகத்தின் ஒரு செல் உயிர்கள். அங்கிருந்து ஆரம்பித்து கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் வரை (அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல்) எவ்வளவு தூரம் வந்துவிட்டோம். செடிக்கும் விலங்குக்கும் லட்சக்கணக்கான வருஷம் ஆனது, மெஷினுக்கு நேற்று இன்று. பெரிய கடிகாரம் சுருங்கி கைக்கடியாரமாக ஆனதைப் பாருங்க, உயிரினங்களில் நடக்கிற மாதிரியே இருக்கிறது. மெஷின்களையும் பேரினம், சிற்றினம் என்று வகைப்படுத்த யாராவது வரவேண்டும். அப்படியானால் மனுஷனுக்கு அடுத்து இந்தப் பூமியை ஆளப்போகிறது யார்? நாமே நம்முடைய வாரிசைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். தினமும் அவற்றுக்கு அழகு கூட்டுகிறோம், சக்தி கூட்டுகிறோம், தானாக இயங்கும் திறமையைக் கூட்டுகிறோம். ஒருநாள் நமக்குக் குதிரையும் நாயும் எப்படியோ, மெஷினுக்கு நாம் அப்படி ஆவோம். கொடுமைப்படுத்தாது, நல்லாவே பார்த்துக்கொள்ளும், ஏன்னா அதுக்கு நம்ம வேலை தேவை. கடைசியில், இப்போதே எல்லா மெஷினையும் அழித்துவிட வேண்டும் என்று போர் அறிவிக்கிறார்.

விளையாட்டா, சீரியஸா? இரண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும், வந்துட்டு அப்படியே நிற்கும். இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் போர் அறிவிப்பு இல்லை. மெஷின் நம்மை அடித்துப் பிடிக்கும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நாமாகவே, சந்தோஷமாக, நாளுக்கு நாள் நம் நேரத்தை அதைப் பராமரிப்பதற்குக் கொடுத்துக்கொண்டே போவோம் என்கிறார். இதை எழுதியவர் ஆட்டுக்காக விடிகாலையில் எழுந்து, ஆட்டுக்காக ஆற்றில் இறங்கி, ஆட்டின் கண்ணால் மலையைப் பார்க்கப் பழகியவர். யார் யாரை மேய்க்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு அங்கேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் யூகம்தான், அவர் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு காரணமும் கண்ணெதிரே இருந்தது. மெஷின்கள் அந்த ஊருக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. லிட்டெல்டனுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் நடுவில் ஒரு மலை. வந்திறங்கியவர்கள் அதை ஏறித்தான் கடக்கவேண்டும், பட்லரும் அப்படித்தான் வந்தார். 1861-ல் அந்த மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். அந்தச் சுரங்கப்பாதைக்கு விடாப்பிடியாக நின்ற மாகாணத் தலைவர் வில்லியம் மூர்ஹவுஸ், பட்லருடைய நண்பர். 1862 ஜூலையில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நாட்டின் முதல் தந்திக் கம்பி. கட்டுரை வந்து ஆறு மாசத்தில், 1863 டிசம்பர் 1, கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து நாட்டின் முதல் பயணிகள் நீராவி ரயில். நாம் பிறக்கும்போதே போனும் கரண்டும் இருந்தன, அதனால் வித்தியாசம் தெரிவதில்லை. அவர் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. 1865-ல் அதே பத்திரிகைக்கு நேர் எதிரான ஒரு கட்டுரை அனுப்பினார். மெஷின் எதிரி இல்லை, உடம்புக்கு வெளியே முளைத்த கைகால் என்றார். கையில் குடை இருப்பவன் குடையும் சேர்ந்த மனுஷன். இந்த இரண்டில் எது சரி என்று அவரால் முடிவு பண்ண முடியவில்லை. நம்மாலும் இன்னும் முடியவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு நாவலாக்கினார், 1872-ல் வந்தது. பெயர் எரெவோன். ஆங்கிலத்தில் எங்கும் இல்லை என்று பொருள் வரும் நோவேர் என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர். ஆடு மேய்க்கும் ஒருத்தன் கணவாய் தாண்டி அறியாத நாட்டுக்குப் போகிறான். அங்கே அவனிடம் கைக்கடியாரம் இருப்பதே குற்றம். கடந்த 271 வருஷத்தில் கண்டுபிடித்த எல்லா மெஷினையும் அந்த மக்கள் உடைத்துப் போட்டவர்கள். பூவின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ மாதிரி, மெஷின் பெருகுவதற்கு மனுஷன் என்ற வாதம் அதில்தான் வருகிறது. ரீப்ரொடக்ஷன் சிஸ்டம் மெஷினுக்குக் கிடையாதே என்று சொல்பவர்களுக்கு அது பதில். 1951 வாக்கில் ஆலன் டூரிங் சிந்திக்கும் மெஷின்களைப் பற்றி ஓர் உரை எழுதினார். அதன் முடிவில், மெஷின்கள் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் நாள் வரலாம் என்று சொல்லும் இடத்தில் அவர் பெயர் சொல்லிக் காட்டுவது இந்த நாவலைத்தான்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிடறேன். 1864-ல் பண்ணையை விற்றார். 4,000 பவுண்டு ஏறக்குறைய 8,000 ஆகியிருந்தது, நாலே வருஷத்தில். ஆட்டுக்கணக்கு தப்பவில்லை. ஆள் கணக்கு தப்பியது. சார்லஸ் பாலி என்ற நண்பருக்கு ஊர் திரும்பப் பணம் கொடுத்து, அப்புறம் வருஷத்துக்கு 200 பவுண்டு என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1897-ல் பாலி செத்தபிறகுதான் தெரிந்தது, அவர் நல்ல வசதியோடு இருந்தார், வேறு இரண்டு பேரிடமும் இதேபோல வாங்கிக்கொண்டிருந்தார் என்று. உயிலில் பட்லருக்கு ஒன்றுமில்லை. நடுவில் கனடாவில் ஒரு கம்பெனியில் பணத்தைப் போட்டு அதுவும் போனது. டார்வினோடும் பிறகு பெரிய சண்டை. ஆசைப்பட்டபடி ஓவியம் படித்தார், ராயல் அகாடமியில் படம் வைக்கும் அளவுக்கு வந்தார். கல்யாணம் பண்ணவில்லை. ஒடிசியை எழுதியது ஒரு பெண் என்று ஒரு புத்தகம் போட்டு பேராசிரியர்களைக் கடுப்பேற்றினார். அப்பா பிள்ளை சண்டையை அப்படியே வைத்து எழுதிய நாவலை உயிரோடு இருக்கும்வரை வெளியிடவே இல்லை. 1902 ஜூன் 18-ல் இறந்தார். நாவல் அடுத்த வருஷம் வந்தது, அதுதான் இன்று அவருடைய பெரிய பெயர்.

அந்த நியூசிலாந்துப் புத்தகம் மட்டும் அவருக்கு எப்போதும் பிடிக்கவே இல்லை. கடிதங்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, அப்பாதான். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் நாம் எல்லாரும் செய்கிற மாதிரி, கப்பலில் ஜெபத்தை விட்டது போன்றதையெல்லாம் மறைத்து நல்ல பிள்ளையாக எழுதியிருந்தார். அந்த நல்ல பிள்ளையை அச்சில் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

மெசபடோமியா இன்னும் இருக்கிறது, இன்னும் பண்ணைதான். அதே பள்ளத்தாக்கில் எரெவோன் என்றும் ஒரு பண்ணை இருக்கிறது, நாவலைப் பார்த்து வைத்த பெயர். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்தில் மலைக்குன்றின் மேல் எடோராஸ் என்ற நகரம் வருமே, அதை எடுத்த குன்றும் அதே ரங்கிடாடா பள்ளத்தாக்கில்தான். அடுத்த தடவை பார்க்கும்போது பின்னால் இருக்கும் மலைகளைக் கவனிங்க.

கணக்கு எழுதும் பழக்கத்தை மட்டும் பட்லர் கடைசிவரை விடவில்லை. 1899-ல், அறுபத்து மூன்று வயதில், ஆட்டுக்குப் போட்ட மாதிரியே தன் புத்தகங்களுக்கும் ஒரு அட்டவணை போட்டார். எந்தப் புத்தகம் எத்தனை விற்றது, எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம். கைக்காசு போட்டு அச்சடித்தவை பெரும்பாலும். சொல்லிக்கொள்ளும்படி லாபம் தந்தது எரெவோன் மட்டும்தான். மற்ற வரிகளில் பெரும்பாலும் நஷ்டம். அதற்கு அடுத்த வருஷம் தன் ஒடிசி மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுத்தார்.